மைய அரைத்துக் கொண்டு வராதீர்கள்: ராமன் கருவிக்குத் தாதுப்பொடி தயார் செய்வது

மூன்று வருடத்துக்கு முன் ஒரு முதுகலை மாணவன் தேரி மணல் கொண்டு வந்தான். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் மிளகாய்வற்றலைக் காயப் போட்டது போலச் சிவந்து கிடக்குமே, அந்த மணல்தான். அந்தச் சிவப்பு என்ன தாது என்பதுதான் அவன் கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் வருவதற்கு முன் துறையில் இருந்த கல்வத்தில் இரண்டு மணி நேரம் அரைத்திருந்தான். விரலில் தொட்டால் குங்குமம் மாதிரி இருந்தது. ராமன் கருவியில் லேசரைத் தாது மேல் விழ வைத்து, சிதறி வரும் வெளிச்சத்தின் நிறமாலையில் எந்த எண்ணில் முகடு, அதாவது பீக், எழுகிறது என்று பார்த்துத் தாதுவை அடையாளம் காண்போம். பதினைந்து இடத்தில் லேசரை வைத்துப் பார்த்தோம். எல்லா இடத்திலும் 464-இல் பீக், அதாவது குவார்ட்ஸ். பின்னணி வேறு மேடாக ஏறிக் கிடந்தது.

தேரி மணலின் சிவப்பு, குவார்ட்ஸ் மணிகள் மேல் படிந்திருக்கும் மெல்லிய இரும்பு ஆக்சைடு பூச்சு. மணியோடு சேர்த்து அரைத்துவிட்டால் அந்தப் பூச்சு எங்கேயோ கரைந்து போகிறது. லேசர் போய் விழுவதெல்லாம் புதிதாக உடைந்த குவார்ட்ஸ் முகத்தில். நல்லவேளை, பையில் அரைக்காத மணல் கொஞ்சம் மீதி இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து அலுமினியத் தாள் மேல் தூவி, லேசரைக் குறைத்து வைத்தேன். 225, 292, 411. ஹேமடைட். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மணி நேரம் அரைத்தவன் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

தென்மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகக் கருவி அறையில் ராமன் மைக்ராஸ்கோப்பை ஓட்டுவது என் வேலை. "அக்கா, பீக் வருமா?" என்று கேட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருடைய மாதிரி கருவிக்கு வருவதற்கு முன்பே கெட்டுப் போயிருக்கும். கீழே எழுதுவதெல்லாம் அவர்களுக்காக. பீக் எண்கள் எல்லாம் செ.மீ⁻¹ அலகில்.

அரைப்பதற்குக் காரணம் பழக்கம். எக்ஸ் கதிரால் படிகத்தை ஆராயும் எக்ஸ்ஆர்டிக்குப் பொடி 10 மைக்ரானுக்குக் கீழே வேண்டும். அகச்சிவப்பு நிறமாலைக்குப் பொட்டாசியம் புரோமைடு வில்லை போட்டால் இன்னும் நைஸாக, 2 மைக்ரான் அளவுக்கு வேண்டும். அங்கே கற்ற கை இங்கேயும் அரைக்கிறது. ராமனுக்கு அது தேவையில்லை. 532 நானோமீட்டர் பச்சை லேசரை, என்ஏ (லென்ஸ் எவ்வளவு அகலக் கோணத்தில் ஒளியைச் சேர்க்கிறது என்று சொல்லும் எண்) 0.75 உள்ள 50 மடங்கு லென்ஸ் வழியாகக் குவித்தால் மாதிரி மேல் விழும் புள்ளியின் அகலம் சுமார் 0.9 மைக்ரான். மணி அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் ஒரு தாதுவுக்குள்ளேயே புள்ளி உட்கார்ந்துகொள்ளும், நிறமாலை சுத்தமாக வரும். மணியும் புள்ளியும் ஒரே அளவுக்கு வந்துவிட்டால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும், சிக்னல் இறங்கும், பீக் அகலமாகும், பக்கத்து மணி தன் பீக்கையும் சேர்த்துவிடும். சமையலறைக் கணக்கில் சொன்னால் நமக்கு வேண்டியது ரவை, மைதா இல்லை.

அரைப்பது தாதுவையே மாற்றும் என்பது இன்னும் மோசம். சிவகங்கைக் கிராஃபைட் நல்ல உதாரணம். செதில் செதிலாக இருக்கும்போது 1580-இல் ஜி பீக் கூர்மையாக நிற்கும். 1350-இல் டி பீக் இருக்கிற இடமே தெரியாது. டி பீக் என்பது அடுக்கில் உள்ள குறைபாட்டின் அடையாளம். கல்வத்தில் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அது ஏறிக்கொண்டே போகும். கிராஃபைட்டின் ஒழுங்கை அளக்கிறேன் என்று வருகிறவர் கடைசியில் தன் தோள் பலத்தை அளந்துகொண்டு போவார். கால்சைட்டை நெடுநேரம் அரைத்தால் ஒரு பகுதி அரகோனைட்டாக மாறும். ஜிப்சம் சூட்டில் நீரை விடும். 1008-இல் இருக்க வேண்டிய பீக் 1015-க்கு நகர்ந்திருந்தால் அது ஜிப்சம் இல்லை, நீரில் பெரும்பங்கை இழந்த பஸ்ஸனைட். அதனால் உலர்த்தும் அடுப்பை நான் 40 டிகிரிக்கு மேல் வைக்க விடுவதில்லை. 110 டிகிரியில் ஒரு ராத்திரி என்பது மண்ணியல் ஆய்வகத்து வழக்கம். இங்கே வேண்டாம்.

சரி, செய்முறைக்கு வருவோம். வேலையைத் தொடங்குமுன் மின்விசிறியை நிறுத்துங்கள். சிரிக்க வேண்டாம். ஒரு கோடையில் மேல் விசிறி ஓட ஓட மூடியைத் திறந்து, மூன்று மாதம் அலைந்து எடுத்த ஐம்பது மில்லிகிராம் பொடியை மேசை முழுக்கத் தூவிவிட்டாள் ஒரு பெண். அழுகையை நிறுத்தவே அரை மணி ஆயிற்று.

கொண்டு வந்த மணலோ பொடியோ நிறைய இருந்தால் மேலாக ஒரு கரண்டி அள்ளாதீர்கள். கனமான மணிகள் கீழே போயிருக்கும். சுத்தமான தாளில் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் எடுத்து, மறுபடி குவியுங்கள். ஒரு தேக்கரண்டி அளவு வரும்வரை இப்படியே.

கடற்கரை மணலைக் கழுவாமல் கொண்டு வரக்கூடாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சோடியம் குளோரைடின் படிக அமைப்பில் முதல்நிலை ராமன் பீக்கே கிடையாது. உப்பு நம் கருவியின் கண்ணுக்குத் தெரியாது. தெரியாதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால் ஈரத்தை இழுத்து மணிகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும், மேலே ஒரு தோல் மாதிரிப் படியும். காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசி, தெளிவை இறுத்துவிட்டு, கடைசியாக ஐசோபுரோப்பனாலில் ஒரு முறை. ஜிப்சம் போல நீரில் கரையும் தாது இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் தண்ணீரே காட்டாமல் ஐசோபுரோப்பனால் மட்டும்.

அப்புறம் சல்லடை. 100 மெஷ், 230 மெஷ், இரண்டும் போதும். 150 மைக்ரானில் இறங்கி 63 மைக்ரானில் தங்குவதுதான் நமக்கான பங்கு. கீழே விழுந்த நைஸ் பொடியைக் கொட்டிவிட வேண்டாம். களிமண் தாதுக்கள் அதில்தான் இருக்கும். தனிக் குப்பியில் போட்டுக் குறித்து வையுங்கள். கடற்கரை மணலும் தேரி மணலும் இயற்கையே சலித்து அனுப்பியவை. அவற்றில் கல்வத்துக்கு வேலையே இல்லை.

பாறைத் துண்டாக இருந்தால் உடைக்கத்தான் வேண்டும். கனமான பாலிதீன் பையில் போட்டுச் சுத்தியலால் நாலு தட்டு, பிறகு அகேட் கல்வம். குழவியால் தேய்க்காதீர்கள், அழுத்தி நொறுக்குங்கள். நான்கைந்து சொட்டு ஐசோபுரோப்பனால் விட்டால் சூடும் ஏறாது, தூசியும் பறக்காது. குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்குப் போனால் சிலிக்கோசிஸ், அது திரும்பி வராத வழி. என்95 முகக்கவசம் போடாமல் என் அறையில் யாரும் உலர்பொடி அரைப்பதில்லை. நார்நாராகப் பிரியும் கல்லாக இருந்தால், ஆஸ்பெஸ்டாஸோ என்று துளி சந்தேகம் இருந்தாலும், அரைக்கும் பேச்சே கிடையாது. இன்னொன்று, அகேட் என்பதே குவார்ட்ஸ் குடும்பம். கொரண்டம் போன்ற கடினமான தாதுவை அதில் அரைத்தால் கல்வமே தேய்ந்து 464 பீக்கை உங்களுக்கு இனாமாகத் தரும். கல்வத்தைச் சுத்தம் செய்ய ஆய்வகத் தரச் சோடியம் குளோரைடை ஒரு கரண்டி போட்டு அரைத்துக் கொட்டிக் கழுவுவேன். மிச்சம் ஒட்டியிருந்தாலும் கருவிக்குத் தெரியாது, தண்ணீரில் போய்விடும். சமையல் உப்பு வேண்டாம், அதில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இருக்கிறது.

இனிப் பொடியை எதன் மேல் வைப்பது? முதலில் கையில் இருக்கும் வெறும் கண்ணாடி ஸ்லைடை ஒதுக்கி வையுங்கள். சாதாரண ஸ்லைடு 785 நானோமீட்டர் லேசரில் 1400 பக்கம் ஒரு பெரிய மேட்டைக் கிளப்பும். பச்சை லேசரில் 550, 1100 அருகே அகலமான வீக்கம். ஒரு தடவை ஒரு பேராசிரியரே அதைப் பார்த்துவிட்டு "உருவமற்ற சிலிகா இருக்கிறதே" என்றார். இருந்தது, ஸ்லைடில்.

என் கைவழக்கம் சமையல் அலுமினியத் தாள். ஸ்லைடை அதில் இறுக்கமாகச் சுற்றி, மடித்த டிஷ்யூவால் நீவிச் சுருக்கம் எடுத்து, ஐசோபுரோப்பனால் தொட்டுத் துடைக்க வேண்டும். தாளை உருட்டித் தயாரிக்கும்போது படிந்த எண்ணெய்ப் பசை இருக்கலாம். உலோகத்துக்கு ராமன் பீக் இல்லை, பின்னணியும் தாழ்வாக இருக்கும், ஒரு மாதிரிக்கு ஐம்பது பைசா செலவு. ஸ்பாட்டுலா நுனியில் கடுகளவு பொடி எடுத்து நடுவில் வையுங்கள். இதே மாதிரி சுற்றிய இன்னொரு ஸ்லைடை மேலே வைத்துக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். திருகக்கூடாது. நேராக மேலே தூக்குங்கள். பொடி ஒரு நாணயம் போலத் தட்டையாகப் படிந்திருக்கும். இப்போது ஸ்லைடைச் சாய்த்து மேசை விளிம்பில் இரண்டு தட்டு. விழ வேண்டியது இங்கேயே விழட்டும், லென்ஸ் மேல் விழ வேண்டாம்.

தட்டையாக்குவதில் இவ்வளவு பிடிவாதம் ஏன்? நான் சொன்ன 50 மடங்கு லென்ஸுக்கு ஃபோகஸ் ஆழம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். மேடு பள்ளமான குவியலில் ஒரு மணி தெளிவாக இருந்தால் அடுத்தது கலங்கலாக இருக்கும். வரைபடம் மாதிரிப் பரப்பு முழுக்க அளக்கப் போனால் பாதிப் புள்ளி வீண். அதோடு லென்ஸுக்கும் மாதிரிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. மணல் மேல் மணல் ஏறி நின்றால் லென்ஸில் கீறல். மணல் மாதிரிக்கு நான் எப்போதும் நீள இடைவெளி 50 மடங்கு லென்ஸைத்தான் போடுவேன். அதில் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் கிடைக்கும், புள்ளி கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை.

ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு மாதிரி வந்தால் குழித்தட்டு வசதி. ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கிறவரிடம் சொல்லி, துருப்பிடிக்காத எஃகுத் தட்டில் 3 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழத்தில் பன்னிரண்டு குழி போட்டு வாங்கினேன். முதல் நாள் எல்லா மாதிரியிலும் ஒரே மாதிரியான ஒளிர்வு, பீக் எதுவும் மேலே எழவில்லை. லேசரைச் சந்தேகப்பட்டேன், டிடெக்டரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் குழிக்குள் லேத் வெட்டு எண்ணெய். சோப்பு நீரில் கொதிக்க வைத்து, ஐசோபுரோப்பனாலில் ஊற வைத்த பிறகுதான் சரியாயிற்று. எந்தத் தாங்கியையும் வெறுமனே ஒரு முறை அளந்துவிட்டுத்தான் அதில் மாதிரி வைக்க வேண்டும் என்ற புத்தி அன்று வந்தது. குழியில் பொடியைத் தலைக்குவிய நிரப்பி, நெல் அளக்கிறவர் படியைத் தலைதட்டுவது போல ஸ்லைடு விளிம்பால் வழித்துவிட்டு, அதன் தட்டைப் பக்கத்தால் ஒரு அழுத்து. அவ்வளவுதான்.

ஒட்டும் நாடா எனக்குப் பிடிக்காது. இருபக்க நாடாவின் பசை 1450, 1730, 2900 பக்கங்களில் தன் பீக்கை நீட்டும். எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) ஆய்வகத்துக் கறுப்புக் கார்பன் நாடா இன்னும் விசேஷம்: லேசரை விழுங்கிச் சூடாகும், 1350-லும் 1580-லும் கார்பன் பீக் தரும். கிராஃபைட் தேடுகிறவர் அதில் ஒட்டிக் கொண்டு வந்தால் என்ன சொல்வது?

மாதிரி ஒரு மில்லிகிராம்கூட இல்லையென்றால் ஐசோபுரோப்பனாலில் கலக்கி அலுமினியத் தாளில் ஒரு சொட்டு விட்டு உலர விடுங்கள். காபி டம்ளர் வைத்த இடத்தில் வளையம் விழுகிறதே, அதே கதைதான் இங்கேயும். நைஸான துகள் விளிம்புக்குப் போகும், பருமனானது நடுவில் தங்கும். இரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள். 13 மி.மீ. அச்சில் அழுத்தி வில்லையாக்குவதும் உண்டு. பரப்பு அருமையாக வரும். ஆனால் மைக்கா, கிராஃபைட் மாதிரிச் செதில்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துவிடும், பீக்குகளின் உயர விகிதம் மாறும். கட்டாயம் இருந்தால் மட்டும்.

எபாக்ஸியில் பதித்து மெருகேற்றினால் மணியின் உள்ளே பார்க்கலாம், சிர்கானில் வளர்ச்சி வளையம் பார்க்கிறவர்களுக்கு அது வேண்டும். எபாக்ஸிக்கு 1610 அருகே பலமான பீக் உண்டு. மணியே இல்லாத இடத்தில் ஒரு நிறமாலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெருகுப் பசையும் கவனம். ஒரு நாள் ஒரு பையன் ஓடி வந்தான், "அக்கா, வைரம்!" 1332-இல் ஊசி மாதிரி பீக். வைரம்தான், சந்தேகமே இல்லை; 1 மைக்ரான் வைரப் பசையில் மெருகிட்டு அல்ட்ராசோனிக்கில் கழுவாமல் கொண்டு வந்திருந்தான். 790, 970 பக்கம் பீக் வந்தால் அது உரசுதாளின் சிலிக்கான் கார்பைடு.

வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவதைப் பற்றிச் சொல்லும்போது வொயிட்னரையும் சொல்ல வேண்டும். குப்பி மூடியில் வொயிட்னர் பூசி அதன் மேல் எண் எழுதுவது ஒரு பழக்கம். அது டைட்டானியம் டை ஆக்சைடு, ரூட்டைல் தாதுவும் அதே பொருள்தான். பொரிந்து உள்ளே விழுந்தால், ரூட்டைல் தேடும் மணலில் ரூட்டைலே விழுந்த மாதிரி. பென்சிலால் காகிதத்தில் எழுதி வெளியே ஒட்டுங்கள். ஒட்டி வருவது எப்போதும் கெடுதல் என்றும் சொல்வதற்கில்லை. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சி மணல் ஆலையின் கதை அங்கே தொடங்கியது.

அந்தக் கரை மணலில் மோனசைட் இருக்கும், அதில் தோரியம் இருக்கும். அரைக்காதீர்கள். கையுறை, சில மணிகள் மட்டும், வேலை முடிந்ததும் கைகழுவல். மோனசைட்டின் பாஸ்பேட் பீக் 970 அருகே வரும். கூடவே அருமண் தனிமங்களின் ஒளிர்வுக் கோடுகள் பீக் மாதிரியே வேஷம் போட்டு நிற்கும். லேசரை மாற்றிப் பாருங்கள்: ராமன் பீக் அதே எண்ணில் நிற்கும், ஒளிர்வுக் கோடு இடம் மாறிவிடும். சிர்கானும் 1008-இல்தான் பீக் தரும், ஜிப்சமும் 1008-இல்தான். சிர்கான் என்றால் 974, 439, 356 துணைக்கு வரும். ஜிப்சம் என்றால் 415-உம் 3400 பக்கம் நீரின் இரட்டைப் பீக்கும். ஒரே பீக்கை வைத்துப் பெயர் சூட்டாதீர்கள்.

லேசர் சக்திக்கு வருகிறேன். இந்த முறைக்குப் பெயர் தந்த சி. வி. ராமனும், விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928-இல் முதலில் பார்த்தது அறுபது திரவங்களை. திரவத்தில் சூடு பரவி ஓடிவிடும். பொடியில் மணிக்கு மணி தொடுவது ஊசிமுனை அளவு. சூடு போக வழியில்லை. கறுப்பு, சிவப்பு, பழுப்புத் தாது என்றால் மாதிரி மேல் 1 மில்லிவாட்டுக்குக் கீழே, நான் 0.2-இல் தொடங்குவேன். திரையில் காட்டும் சதவீதத்தை நம்பாமல் லென்ஸுக்கு அடியில் பவர் மீட்டரை வைத்து அளக்க வேண்டும். கோதைட் என்ற இரும்புத் தாது 299, 385-இல் பீக் தரும். சக்தி கூடினால் கண்ணெதிரே ஹேமடைட்டாக மாறி 225, 292 என்று சொல்லும். மேக்னடைட்டும் அப்படியே, 668 மறைந்துவிடும்.

அப்படியென்றால் தேரி மணலில் நான் பார்த்த ஹேமடைட் உண்மையா, நான் சுட்டதா? அந்தப் பையனே கேட்டான். கேட்டானே என்று சந்தோஷமாக இருந்தது. அதே இடத்தில் 0.1, பிறகு 0.5, பிறகு 1 மில்லிவாட், மறுபடி 0.1 என்று நான்கு நிறமாலை எடுத்தோம். முதலாவதும் நான்காவதும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்தன. முன்னும் பின்னும் எடுத்த படத்திலும் கறுப்புப் பொட்டு இல்லை. மணலே சொன்ன ஹேமடைட்தான். இந்த நான்கு படி இல்லாமல் எந்த இரும்புத் தாது முடிவையும் நான் கையெழுத்திட்டுக் கொடுப்பதில்லை.

ஒரு மைக்ரான் புள்ளி ஒரு மைக்ரானைப் பற்றித்தான் பேசும். கலவைப் பொடி என்றால் குறைந்தது இருபத்தைந்து மணி, கண்ணுக்கு அழகாகத் தெரிவதை மட்டும் பொறுக்காமல் ஒரு கோட்டில் வரிசையாக. காலையில் முதல் வேலை, சிலிக்கான் வில்லையை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பது; 520.5-இல் பீக் நிற்கவில்லை என்றால் மாதிரியை எடுக்கவே வேண்டாம்.

முதல் தடவை செய்கிறவர்கள் ஆய்வு மாதிரியில் கை வைக்குமுன் கடையில் பத்து ரூபாய்க்குக் கல் கோலமாவு வாங்கி வாருங்கள். 1086, 712, 282 வந்தால் கால்சைட். 1098-உம் 300-உம் என்றால் டாலமைட். 464 என்றால் குவார்ட்ஸ். எது என்று கடைக்காரருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்துவிடும். அதைச் சலித்து, தாளில் வைத்து, தட்டையாக்கி, மூன்று முறை ஒரே மாதிரி நிறமாலை எடுக்க வந்துவிட்டால் கை பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் ஸ்டேஜை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு ஸ்லைடை எடுங்கள். லென்ஸில் தூசி இருந்தால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ரப்பர் பல்பால் காற்று அடியுங்கள். அலுமினியத் தாளைப் பொடி உள்ளே இருக்கும்படி மடித்துப் போடுங்கள். மோனசைட் மணி இருந்தால் குப்பைக் கூடையில் போடாமல் அதன் குப்பிக்கே திருப்புங்கள். மிச்ச மாதிரியை மூடி, பெயரைச் சரிபார்த்து வையுங்கள். மின்விசிறியை இனிப் போட்டுக்கொள்ளலாம்.